கழகம் யாருடைய சொத்து?

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது வரை கரையோரமாகச் செல்பவர், மாலை வேளைகளில் பந்துதைக்கும் இளைஞரைக் காணத் தவறமாட்டார். அவர்களிற் சிலர் மன்செஸ்டர் யுனைற்றட் கழகத்தின் சட்டையை அணிந்திருப்பர். வேறு சிலர் பார்சிலோனாவின் சட்டையை அணிந்திருப்பர். அக்கழகங்களில் இவர்களுக்கு ஒரு சதப் பங்கும் இல்லை. அவற்றின் மைதானங்களை இவர்கள் நேரிற் பார்த்ததும் இல்லை. ஆயினும் தமக்குப் பிடித்த கழகம் கைமாறப் போகிறது என்ற செய்தி வந்துவிட்டால், தம் வீட்டு வளவே கைமாறப் போவதுபோல் வாதாடுவர்.

இதனை இளமைக் கூத்து என்று ஒதுக்கிவிடலாகாது. இதன் அடியில் ஒரு பழைய அறக் கேள்வி கிடக்கிறது. பலர் சேர்ந்து நேசித்து வளர்த்த ஒன்றை ஒருவர் பணங்கொடுத்து வாங்க முடியுமா? வாங்கினால், உண்மையில் அவர் வாங்கியது எது?

மன்செஸ்டர் யுனைற்றட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தினர் அதனை ஏறக்குறைய 79 கோடி பவுணுக்கு வாங்கினர். அப்பணத்தில் பெரும்பகுதி கடன். அக்கடனின் பெருஞ்சுமை கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. இதைப் பொறாத இரசிகரிற் சிலர் அதே ஆண்டில் பிரிந்துபோய்த் தமக்கென ஒரு சிறு கழகத்தை அமைத்தனர். 2021 மே 2ஆந் திகதி இரசிகர் மைதானத்தினுள் புகுந்தமையால், லிவர்பூலுடன் அன்று நடைபெறவிருந்த ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டது. 2022 நவம்பரில், கழகத்தை விற்பது பற்றியும் ஆராயப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கத்தார் நாட்டு ஷேக் ஒருவர் வாங்குவாரா, இங்கிலாந்தின் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் வாங்குவாரா என்று இரசிகர் பல மாதங்கள் பட்டிமன்றம் நடத்தினர். 2024 பெப்ரவரியில் ராட்கிளிஃப் கால்வாசிக்குச் சற்றுக் கூடிய பங்கைப் பெற்றார். ஆதிக்கம் கிளேசர் குடும்பத்திடமே இருந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரசிகரின் கையொப்பம் எந்த உறுதியிலும் தேவைப்படவில்லை.

வாங்குபவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வீரரின் சம்பளம், மைதானப் பராமரிப்பு, பயணச் செலவு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அணி தோற்றால் இரசிகர் கண்ணீரோடு வீடு செல்வர். நட்டமோ உரிமையாளரின் கணக்கில் விழும். கடையை வாங்கியவரிடம் வாடிக்கையாளர் பங்கு கேட்பதுண்டோ என்று அவர் கேட்கலாம்.

ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைந்துபோகிறது. அரிசிக் கடை பிடிக்காவிட்டால் நாம் அடுத்த கடைக்குப் போகிறோம். கழகம் தோற்றுக்கொண்டே இருந்தாலும் இரசிகர் அடுத்த கழகத்துக்குப் போவதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் அந்த மாறாப் பற்றுத்தான் கழகத்தின் விலையை உயர்த்துகிறது. விற்பவர் அதற்கும் சேர்த்தே விலை பெறுகிறார். தாம் உண்டாக்காத ஒன்றுக்கு விலை பெறுகிறார் என்பதே இங்குள்ள சிக்கல்.

இச்சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதை நமக்கு அண்மையிலுள்ள கல்கத்தா நகரம் காட்டுகிறது. அங்குள்ள மோகன் பகான் கழகம் 1889இல் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29ஆந் திகதி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2க்கு 1 என்ற கணக்கில் வென்று அது ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் விளையாடினர். சப்பாத்து அணிந்த ஆங்கிலேயரை வெறுங்காலர் வென்ற அந்நாள், ஆளப்பட்ட ஒரு மக்களுக்கு நிமிர்ந்து நிற்கும் நாளாயிற்று. எந்தக் கணக்காளர் அந்நாளுக்கு விலை குறிப்பார்?

2020ஆம் ஆண்டில் அக்கழகத்தின் உதைபந்தாட்டக் கம்பனியில் 80 சதவீதப் பங்கை ஒரு பெரிய வர்த்தகக் குழுமம் பெற்றது. அக்குழுமத்திடம் ஏற்கெனவே ஏ.ரி.கே. என்ற அணி இருந்தது. இரண்டும் இணைந்தபோது புதிய அணிக்கு ஏ.ரி.கே. மோகன் பகான் என்று பெயரிட்டனர். பச்சையும் செம்பழுப்புமான பழைய நிறங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் பழம்பெயரின் முன்னே ஒட்டப்பட்ட அம்மூன்று எழுத்துக்களை இரசிகர் ஏற்கவில்லை. அவற்றை நீக்கும்படி ஓயாது குரல் எழுப்பினர். 2023 மார்ச் 18ஆந் திகதி அணி இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தை வென்றது. அன்றே, அவ்வெழுத்துக்கள் நீக்கப்படும் என்று உரிமையாளர் அறிவித்தார். மோகன் பகான் சுப்பர் ஜயன்ற் என்பது புதிய பெயராயிற்று. இரசிகருக்குப் பாதி வெற்றிதான். ஆயினும் பெயரானது வாங்கியவரின் விருப்பப்படி எழுதி அழிக்கும் பலகையன்று என்பது நிலைநாட்டப்பட்டது.

நம் கரைவலையை நினைத்துப் பாருங்கள். தோணியும் வலையும் முதலாளியினுடையவை, அதில் ஐயமில்லை. ஆனால் இருபுறமும் நின்று கயிறிழுப்பவர் இல்லையேல் வலை கடலிலேயே கிடக்கும். ஆகவேதான் பிடிபட்ட மீனில் முதலாளிக்கும் பங்குண்டு, இழுத்தவருக்கும் பங்குண்டு. இழுத்தவரின் உரிமை வலையின் மேலன்று. இழுப்பினால் விளைந்ததன் மேல். இரசிகரின் உரிமையும் அத்தகையதே. கம்பனி அவர்களுடையதன்று. ஆனால் பெயர், நிறம், ஊர், நினைவு என்பன அவர்களும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றியவை. அவற்றை மாற்றும்போது அவர்களைக் கேளாதிருப்பது சட்டப்படி குற்றமில்லாது போகலாம்; அறத்தின்படி அது அநீதியே.

இத்துடன் நிறுத்தினால் கதையின் பாதியையே சொன்னவர்களாவோம். உரிமை கோருபவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்.

முதலாவது, சுமையில் உங்கள் பங்கு எங்கே? கல்கத்தாவின் மற்றைய பெருங்கழகமான ஈஸ்ட் பெங்கால் 1920இல் தோன்றியது. 1947இன் பிரிவினையால் வீடிழந்து வந்த கிழக்கு வங்க மக்களுக்கு அது இழந்த ஊரின் அடையாளமாயிற்று. 2020இல் ஒரு சீமெந்துக் கம்பனி அதில் முதலிட முன்வந்தது. ஆனால் அங்கத்தவரின் உரிமை பறிபோகும் என்று கூறி, கழக நிருவாகிகள் இறுதி ஒப்பந்தத்தில் ஒப்பமிட மறுத்தனர். ஒப்பமிடுங்கள் என்றது இரசிகரில் ஒரு சாரார். வேண்டாம் என்றது மறுசாரார். 2021 ஜூலை 21ஆந் திகதி கழக வாசலில் இருசாராரும் மோதப் பொலிசார் தடியடி நடத்தினர். முதலமைச்சரே தலையிட்டு இணக்கம் செய்யவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அக்கம்பனி விலகிப்போக, இன்னொரு கம்பனி வந்தது. பணம் வேண்டும், பணம் தருபவர் பேசக்கூடாது என்பதும் நீதியாகாது. பணம் தருகிறார் என்பதற்காக எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதும் நீதியாகாது.

இரண்டாவது, யாருடைய பணம்? 2021 ஒக்டோபர் 7ஆந் திகதி சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம் நியூகாசில் யுனைற்றட் கழகத்தின் 80 சதவீதத்தைப் பெற்றது. பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி அந்நாட்டின் துணைத்தூதரகத்தினுள் கொல்லப்பட்டு அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மைதான வாசலிலோ இரசிகர் ஆடிப்பாடினர். பழைய உரிமையாளரில் வெறுப்புற்றிருந்த அவர்களுடைய மகிழ்ச்சி விளங்கத்தக்கதே. 2025இல் லீக் கிண்ணத்தை வென்று, உள்நாட்டுப் பெருங்கிண்ணம் ஒன்றுக்கான 70 ஆண்டுக் காத்திருப்பும் தீர்ந்தது. ஆயினும், வெற்றி தருபவர் எவராயினும் வாய் திறக்கமாட்டோம் என்பவர், பெயரை மாற்றினால் மட்டும் அறத்தின் பெயரால் கூக்குரலிட முடியுமா? சவூதியிலும் கத்தாரிலும் வெயிலில் உழைக்கும் பிள்ளைகளை உடைய நம் கரையோரத்து ஊர்களுக்கு இக்கேள்வி தூரத்துக் கேள்வியன்று. அந்நாடுகளின் செல்வத்தில் நம்மவரின் வியர்வையும் உண்டு. அவர்களுக்கு உரிய கூலியும் ஓய்வும் கிடைக்கின்றனவா என்பதும் இரசிகர் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று.

சுமையையும் ஏற்று உரிமையையும் காத்தவர் உண்டு. இலண்டனின் விம்பிள்டன் கழகத்தை வேறொரு நகருக்கு இடம்பெயர்க்க 2002இல் அனுமதி கிடைத்தது. இரசிகர் அழுதுகொண்டிருக்கவில்லை. அதே ஆண்டில் புதுக் கழகம் அமைத்து, பொதுத் திடலில் வீரரைத் தெரிவுசெய்து, கீழ்மட்டப் போட்டிகளில் ஆடத் தொடங்கினர். 2011இல் தொழில்முறை லீக்கினுள் ஏறினர். 2020இல் தம் பழைய பகுதியிலேயே சொந்த மைதானத்துக்கு மீண்டனர். ஜேர்மனியில் 1998 முதல் உள்ள விதியின்படி, சில விலக்குகள் தவிர, முதலிடுபவர் எவராயினும் வாக்குரிமையிற் பெரும்பான்மை கழக அங்கத்தவரிடமே இருத்தல் வேண்டும். வருவாயிற் சில குறையலாம், வாசல் அவர்களுடையதாயிருக்கும்.

நம் ஊர்க் கழகங்களைக் கோடீசுவரர் எவரும் வாங்க வரப்போவதில்லை. ஆனால் கேள்வி சிறு உருவில் நம் வாசலுக்கும் வருகிறது. சுற்றுப்போட்டிக்குச் சீருடை வேண்டும். ஒரு வர்த்தகர் தருகிறார். மைதானம் திருத்த வேண்டும். தேர்தலை எதிர்நோக்கும் ஒருவர் தருகிறார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கிண்ணம் அனுப்புகிறார். 2004இன் கடற்கோளின் பின் இக்கரையோரம் உதவியாளரின் பெயர்ப் பலகைகளை நிறையவே கண்டது. கொடையை நன்றியோடு ஏற்கவும் நமக்குத் தெரியும். சில கொடைகள் பின்பு கட்டளையாக மாறுவதும் நமக்குத் தெரியும்.

ஆகவே கழகக் கூட்டத்தில் மூன்று கேள்விகளையேனும் கேட்போமாக. இவர் தருவது எதற்காக? இவர் போனபின் நம்மிடம் எஞ்சுவது எது? எதை எவ்விலைக்கும் கொடுக்கமாட்டோம் என்பதை முன்னரே எழுதி வைத்திருக்கிறோமா? இவற்றைக் கேட்கும் துணிவு, தம் சந்தாவை ஒழுங்காகக் கட்டும் அங்கத்தவருக்கே வரும். ஆண்டுக் கூட்டத்துக்கு வராது, சந்தாவும் கட்டாது, கிண்ணம் வரும் நாளில் மட்டும் “எங்கள் கழகம்” என்பவர், அதனை ஏற்கெனவே பாதி விற்றுவிட்டார்; வாங்குபவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.