கையை விடமுடியாதவர்

சட்டத்தரணியைப் பற்றிப் பகிடி விடாத தமிழர் லண்டனில் குறைவு. ஆர்ச்வே முருகன் கோயில் வாசலிலும் சரி, நான் கோப்பை கழுவும் குசினியிலும் சரி, அகதி வழக்கென்று பேச்செடுத்தால் அடுத்து வருவது அவர் வாங்கிய காசைப் பற்றிய சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பு நியாயமானதா?

அது பழைய சிரிப்பு. இங்கிலாந்தில் பலவிதமாக அச்சான கேலிப்படம் ஒன்றுண்டு. வழக்காளி பசுவின் கொம்பைப் பிடித்து இழுக்கிறார். எதிராளி வாலைப் பிடித்து இழுக்கிறார். நடுவில் சட்டத்தரணி ஆறுதலாக இருந்து பால் கறக்கிறார். யாழ்ப்பாணத்தவருக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு முழ வேலிக்காக வழக்காடி, காணியையே அப்புக்காத்துமாருக்கும் பிரக்கிராசிமாருக்கும் தொலைத்தவர்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு.

கவனித்துப் பார்த்தால், அந்தப் படம் இழுக்கிற இருவரையுந்தான் கேலி செய்கிறது. கையை விட்டால் பசுவாவது மிஞ்சும், விடமாட்டார்கள்.

அகதி கையை விடலாமா? 1987 இல் இங்கு வந்து தஞ்சம் கேட்ட ஐந்து தமிழர், பிரபுக்கள் சபை வரை சென்று தோற்று, 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வழக்கு அதோடு முடியவில்லை. 1989 இல் மேன்முறையீட்டில் வென்று மீண்டும் பிரித்தானியா வந்தார்கள். 1991 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, அவர்களை அனுப்பியதில் உடன்படிக்கை மீறப்படவில்லை என்றது. சட்டப் புத்தகங்களில் இது வில்வராஜா வழக்கு. இங்கே இழுபட்டது பசுவல்ல, ஐந்து உயிர்கள். கையை விடச் சொல்ல யாரால் முடியும்?

பிரெஞ்சு ஓவியர் ஒனோரே டோமியே இந்த வேறுபாட்டை அறிந்தவர். 1832 இல் அரசரைக் கேலி செய்து வரைந்ததற்காகச் சிறை சென்றவர். 1845 தொடக்கம் ‘ஷரிவாரி’ பத்திரிகையில் நீதிமன்றத்து மனிதர்களை வரைந்தார். ஒரு படத்தில், வழக்குத் தோற்ற பெண் பிள்ளையோடு வருகிறாள். தன் வாதத்தைக் கேட்ட இன்பமாவது அவளுக்குக் கிடைத்ததே என்று பெருமைப்படுகிறார் சட்டத்தரணி. டோமியே அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

காசை வாங்கிக்கொண்டு பைலைத் திறந்தும் பாராதவரை நாம் கேலி செய்யத்தான் வேண்டும். ஆனால் ‘எல்லாம் கள்ள வழக்கு, எல்லாரும் கள்ளர்’ என்று நாமே சிரிக்கும்போது, எம்மைத் திருப்பி அனுப்ப நினைப்பவர்களும் அதே வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் விசாரணைக்குப் போகிறவன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.