எலிக்கு உடம்பு சரியில்லை

"எலிக்கு உடம்பு சரியில்லை" என்று யாராவது முகவாட்டத்தோடு சொன்னால் நம்மில் பலருக்குச் சிரிப்புத்தான் வரும். எலி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பொறியும் பாஷாணமும். மிஞ்சிப் போனால் பிள்ளையாரின் காலடி. அதற்கு ஜலதோஷம் வருமா, வந்தால் வைத்தியம் உண்டா என்றெல்லாம் யோசிக்க நமக்கு அவசியம் ஏற்பட்டதில்லை.

ஆனால் இங்கிலாந்தில் எலியை மடியில் வைத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்று நேற்றல்ல, நூறு வருஷங்களுக்கும் மேலாக. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் ஜாக் பிளாக் என்று ஓர் எலிபிடிப்பவன் இருந்தான். எலியை ஒழிப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனால் வெள்ளையாகவோ புள்ளி போட்டோ அழகான எலி ஒன்று அகப்பட்டுவிட்டால் கொல்ல மாட்டான். தனியே வளர்த்து, குட்டி போடவைத்து விற்றுவிடுவான். ஒரு கை கொன்றது. மறு கை வளர்த்தது. 1901-ல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் அய்ல்ஸ்பரியில் நடந்த கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. குழந்தைகளுக்குக் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர், 1908-ல் வெளியிட்ட எலிக் கதையைத் தாம் வளர்த்து இறந்துபோன வெள்ளை எலியின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அந்த எலியின் பெயர் ஸாமி. (நம் ஊர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம், சாமுவேல் என்பதன் செல்லப் பெயர்.)

வளர்ப்பதில் சிரமமில்லை. சிரமமெல்லாம் அது நோயில் விழும்போதுதான். ஏனென்றால் எலி தன் நோயை மறைக்கும்.

இது கள்ளத்தனமல்ல, அதன் குலத்தின் தற்காப்பு. பூனையும் ஆந்தையும் பாம்பும் காத்திருக்கிற உலகத்தில், நொண்டுகிற எலியும் மூச்சு வாங்குகிற எலியும்தான் முதலில் அகப்படும். ஆகவே உள்ளே நெருப்பு எரிந்தாலும் வெளியே ஒன்றுமில்லாததுபோல் நடமாட அந்த ஜாதி எத்தனையோ தலைமுறையாகப் பழகிவிட்டது. கூண்டுக்குள் பூனை வராது என்பது அதற்குத் தெரியாது. "நேற்றுக்கூட நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இன்று போய்விட்டது" என்று வளர்ப்பவர்கள் அங்கலாய்ப்பது இதனால்தான். நேற்று அது நன்றாக இருக்கவில்லை. நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டது.

அப்படியானால் கண்டுகொள்வது எப்படி? கண்ணோரத்திலும் மூக்கைச் சுற்றியும் சிவப்பாக ஒரு கசிவு தெரியும். ரத்தம் என்று பதறிவிடுவார்கள். ரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னாலிருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வருகிற, போர்பிரின் என்னும் நிறப்பொருள் கலந்த திரவம். ஆரோக்கியமான எலிக்கும் அது சுரக்கத்தான் செய்கிறது. ஆனால் எலி ஓயாமல் முகம் கழுவுகிற பிராணி. முன்னங்கால்களால் துடைத்துத் துடைத்துத் தடயமில்லாமல் செய்துவிடும். அந்தச் சிவப்பு முகத்தில் தங்க ஆரம்பித்தால் இரண்டில் ஒன்று: நோயினாலோ பயத்தினாலோ சுரப்பு மிகுந்திருக்க வேண்டும், அல்லது முகம் துடைக்கவும் தெம்பில்லாமல் போயிருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் முகத்தோடு நிறுத்த மாட்டார்கள். முன்னங்காலின் உட்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார்கள். துடைத்த கறை அங்கே ஒட்டியிருக்கும்.

மூச்சையும் கேட்க வேண்டும். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவை மைகோப்ளாஸ்மா என்ற நுண்கிருமியைச் சிறு வயதிலிருந்தே சுமக்கின்றன. சிறுநீரில் ஊறிய படுக்கையிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி அதற்கு நல்ல துணை. கையில் எடுத்துக் காதோரம் வைத்தால், நெஞ்சுக்குள் கடகடவென்றோ 'டிக் டிக்' என்றோ ஓசை கேட்குமானால் அன்றைக்கே மிருக வைத்தியரைத் தேடவேண்டியதுதான். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைப்பவர்களும் உண்டு. கேலியாகத் தோன்றும். ஆனால் 350 கிராம் உடம்பில் 30 கிராம் குறைவதென்றால், 60 கிலோ மனிதன் 5 கிலோ இளைப்பதற்குச் சமம். ரோமத்துக்குள் மறைந்திருக்கும் அந்த இளைப்பைக் கண் சொல்லாது, தராசுதான் சொல்லும்.

2011-ல் கனடாவில் மாண்ட்ரியாலிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் எலியின் முகத்திலேயே வலியைப் படிக்க ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கண் பாதி மூடியிருக்கும். மூக்கும் கன்னமும் தட்டையாகும். காது சுருண்டு திரும்பும். மீசை மயிர் விறைக்கும். மறைக்கத் தெரிந்த பிராணியின் முகமும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கத்தான் செய்கிறது. அதைவிட என்னை உறுத்துகிற விஷயம் இன்னொன்று. எலி முற்றிலும் ஊமையாகத் துன்பப்படுவதில்லை. அச்சத்திலும் துன்பத்திலும் அது எழுப்பும் குரலுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 22,000 அதிர்வுகள். மனிதக் காது 20,000-த்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த அறையில் ஒருவன் அழுகிறான். நமக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். அவ்வளவுதான் தூரம்.

கேட்காத அழுகைக்கு நாம் பொறுப்பாளியா? அன்பிருந்தால் பொறுப்பு உண்டு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. அன்பு காலையில் இருக்கும், மாலையில் சலித்துவிடும். குழந்தை கேட்டதென்று வாங்கிக் கொடுத்த பிராணிகள் எத்தனை, ஒரு மாதம் கழித்துக் கூடத்து மூலையில் கிடக்கின்றன! கடமை அன்பிலிருந்து பிறப்பதல்ல, கூண்டின் தாழ்ப்பாளிலிருந்து பிறப்பது என்பது என் கட்சி. வெளியே திரியும் எலி வெயில் வேண்டுமானால் வெயிலுக்குப் போகும், பசித்தால் வேறு வீட்டுக்குப் போகும். தாழ்ப்பாளைப் போட்ட கணத்தில் அந்த வழிகளையெல்லாம் நாம் அடைத்துவிட்டோம். அதன் காற்று, தண்ணீர், வைத்தியம் மூன்றும் இனி நம் வழியாகத்தான் வரவேண்டும்.

ஜாக் பிளாக்கின் இரண்டு கைகளுக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ஓர் எலிக்குப் பொறி வைத்துவிட்டு இன்னோர் எலிக்கு மருந்து ஊட்டுவது வேஷம் என்பார்கள். இங்கிலாந்தில் 2006-ல் வந்த பிராணி நலச் சட்டம், மனிதனின் பிடிக்குள் இருக்கிற பிராணியை அநாவசியமாகத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பிடி தற்காலிகமானதாக இருந்தாலும் போதும். பொறியில் உயிரோடு அகப்பட்ட சாக்கடை எலியும் அகப்பட்ட நிமிஷத்திலிருந்து அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறது. எலி நல்லதா கெட்டதா என்று சட்டம் கேட்கவில்லை. கதவு யார் கையில் என்று கேட்கிறது.

காசு விஷயமும் உண்டு. எலியின் விலையைவிட வைத்தியரின் ஒருவேளைக் கட்டணம் பல மடங்கு. "இந்தப் பணத்துக்குப் புதிதாக நாலு எலி வாங்கலாமே" என்று கணக்குச் சொல்கிறவர் கெட்டவர் அல்லர். எலியைப் பொருளாக எண்ணிக் கணக்குப் போடுகிறவர். அந்தக் கணக்கை எலி வாங்குமுன் போட்டிருந்தால் நியாயம். வாங்கிய பிறகு அது செல்லாது. காலக் கணக்கும் வேறு. இரண்டு மூன்று வருஷ ஆயுளுள்ள பிராணிக்கு நம்முடைய ஒரு நாள் கிட்டத்தட்ட ஒரு மாதம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பவர் ஒரு மாதம் தள்ளிப்போடுகிறார். வீட்டிலிருக்கும் மனித மருந்தை உத்தேசமாகக் கொடுத்துப் பார்ப்பது அதைவிட விபரீதம். எலியால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். வைத்தியர் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து கொடுத்தாலும், அது மைகோப்ளாஸ்மாவை அடியோடு விரட்டாது, அடக்கி வைக்கும். நோய் திரும்பி வரும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருநாள் மருந்தும் அடக்காது. அப்போது வலியில்லாமல் உயிரை விடுவிக்கலாமா என்ற கேள்வி வரும். நம் மண்ணில் வளர்ந்தவனுக்கு அதற்கு உடனே தலையாட்ட வராது, எனக்கும் வரவில்லை. ஆயினும், மூச்சுக்காகக் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து தவிக்கிற எலியை "இயற்கையாகப் போகட்டும்" என்று விட்டுவைப்பதில் எலியின் நன்மை எவ்வளவு, நம் மனச் சமாதானம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பெரும்பங்கு நம்முடையதாகத்தான் இருக்கிறது. இயற்கை அந்த வீட்டைவிட்டுப் போய் வெகுநாளாயிற்று.

எலி தனியே வாழ்கிற பிராணியல்ல. அதனால் இறந்த எலியின் உடலை உடனே அகற்றாமல், கூண்டிலுள்ள மற்ற எலிகள் பக்கத்தில் சிறிது நேரம் வைக்கிறார்கள் சிலர். அவை வந்து முகர்ந்து பார்க்கும். ஒன்று ரோமத்தைக் கோதிவிடும். இன்னொன்று முகர்ந்துவிட்டுத் தன் தீனிக்குத் திரும்பிவிடும். வளர்த்தவர் அதுவரை காத்திருந்துவிட்டு, உடலை ஒரு துணியில் சுற்றி எடுக்கிறார்.