தவறணையின் சமத்துவம்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒழுங்கையொன்றில், கிடுகு வேய்ந்த கள்ளுத் தவறணைக்கு ஒரு மாலைப்பொழுதில் சென்றிருந்தேன். குடிப்பதற்காக அன்று, பார்ப்பதற்காகச் சென்றேன் என்றால் நம்புவார் இலர். ஆதலின் ஒரு பிளா பனங்கள் அருந்தினேன் என்றே ஒப்புக்கொள்கிறேன்.

நீண்டதொரு வாங்கில் மூட்டை சுமப்பவர், மீன் பிடிப்பவர், கந்தோர் எழுதுவினைஞர் யாவரும் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தனர். தமிழும் சிங்களமும் கலந்து ஒலித்தன. முதிய தொழிலாளி ஒருவர் என்னிடம் சொன்னார்: "வேலையிலை நான் ஒரு கை, வீட்டிலை கடன்காரன். இஞ்சை மட்டுந்தான், ஐயா, நான் மனுசன்."

அச்சொற்களை எளிதில் ஒதுக்க முடியவில்லை. தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட அதியமானை நினைத்து ஔவை கலங்கியதைப் புறநானூறு காட்டுகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கள்ளில் தோழமையைக் கண்டதும் அழிவைக் கண்டதும் நம் மரபே.

ஆயினும், அந்த வாங்கின் சமத்துவம் எத்துணை தூரம் செல்லும்? முட்டியை இறக்கி வைத்த சீவல் தொழிலாளியை உள்ளே "அண்ணை" என்று அழைத்த எழுதுவினைஞர், தெருவில் அவரைக் கண்டதும் அறியாதவர்போல் விலகி நடந்தார். இது அவரொருவரின் குற்றமன்று. வட பகுதியிலே, பனையேறி இறக்கிய கள்ளைச் சுவைத்த அதே சமூகம், இறக்கியவரைக் கோயிலிலும் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் தடுத்து நிறுத்தியது. இத்தகைய தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. வந்தபின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் போராட நேர்ந்தது. அந்தக் கை தந்த கள்ளில் இல்லாத தீட்டு, அதே கை தந்த தண்ணீரில் எங்ஙனம் வந்தது?

இன்னொரு கணக்கும் உண்டு. அம்முதியவர் மனிதராய் வாழும் அந்த ஒரு மணி நேரத்தின் விலையை அவர் மனைவி அடுப்படியில் செலுத்துகிறாள். அந்த வாங்கில் அவளுக்கு இடமில்லை. அவள் கண்ணீரை மறந்து தவறணையைப் புகழ்வது இலக்கியமாகலாம், நீதியாகாது.

அவ்வாறாயின் மூடிவிடலாமா? 1904இலும் 1912இலும் இலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள், மதுவின் வருவாயால் கருவூலம் நிரப்பிய அந்நிய ஆட்சியையே எதிர்த்து நின்றன. குடிப்பவனை மட்டும் நோக்கி அவை விரல் நீட்டவில்லை. இன்று ஒழுக்கம் போதிப்போர் பலர் குடிப்பவனைத் தவிர வேறெவரையும் கேட்பதில்லை. கதவை மூடுவது எளிது. மூடிய கதவின் வெளியே நிற்பவன் எங்கே சென்று அமர்வான்? போதிய கூலியும், வாசிப்பதற்கொரு கூடமும், மனைவி மக்களோடு காற்று வாங்க ஒரு கடற்கரையும், "அண்ணை" என்றழைக்கும் ஓர் ஊரும் அவனுக்கு உண்டா?

மதி மயங்கிய வேளையில் மட்டும் மனிதனை மனிதனாகக் காணும் சமூகத்தில், மயக்கம் கள்ளில் மட்டும் இல்லை. தெளிந்த கண்ணோடு அந்தச் சீவல் தொழிலாளியின் வாசலில் அமர்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கி அருந்தியவர் நம்மில் எத்தனை பேர்? இக்கேள்வியை என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.