யார் போட்ட கோடு?

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் வாரத்தில் ஒரு மாலை சித்தாந்த வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாடம், அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார். சீடர்களில் ஒருவன் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன். கொமுட்டர் ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் பாதிப் பாடம் முடிந்திருக்கும். அன்று நேரத்துக்கே வந்துவிட்டான். காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளில் உரைக்கு வந்ததும் குறுக்கிட்டான்.

"குற்றமில்லாதவர் சொன்னால் அதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது நூல். அரசாங்கம் சொன்னால் எடுத்துக்கொள்ளலாமா, ஐயா?"

"எந்த அரசாங்கம்? என்ன சொன்னது?"

"நம்ம அரசாங்கம்தான். 2010 ஆகஸ்ட் 13. இந்தோனேசிய மீன்வளத் துறைக்காரர்கள் நம்முடைய மீனவர்கள் ஏழு பேரைப் பிடித்தார்கள். நம் கடல் போலீஸ் போய் அவர்களுடைய அதிகாரிகள் மூன்று பேரைப் பிடித்து ஜொகூருக்குக் கொண்டுவந்தது. எங்கள் கடல் என்றது புத்ராஜெயா. பிந்தான் தீவின் தஞ்சோங் பெராக்கிட் பக்கம், எங்கள் கடல் என்றது ஜக்கார்த்தா. 17ஆம் தேதி இரண்டு பக்கமும் விட்டுவிட்டார்கள். யார் பொய் சொன்னது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை."

குரு உடனே விடை சொல்லும் ஆள் இல்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: உள்ளூர் வழக்கைக் கேட்டால் வெளியூர் வழக்கை எடுப்பார். சொந்தக் கொடி பறக்கும் இடத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது என்பது அவர் கட்சி. அன்றும் பாரசீக வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

2007 மார்ச் 23. பிரிட்டிஷ் போர்க்கப்பல் கார்ன்வாலிலிருந்து சிறு படகுகளில் இறங்கிய 15 பேர், இந்தியக் கொடி பறந்த ஒரு சரக்குப் படகைச் சோதித்துவிட்டுத் திரும்பும்போது ஈரானியப் புரட்சிக் காவல்படையிடம் சிக்கினார்கள். ஈராக் கடலில் இருந்தோம் என்றது லண்டன். எங்கள் எல்லைக்குள் நுழைந்தார்கள் என்றது தெஹ்ரான். ஐந்து நாள் கழித்து லண்டனில் பாதுகாப்பு அமைச்சு ஒரு வரைபடத்தை விரித்தது. வட அட்சம் 29 பாகை 50.36 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 48 பாகை 43.08 நிமிடம், ஈராக் எல்லைக்கு உள்ளே 1.7 கடல் மைல்.

"இதில் உனக்கு என்ன தெரிகிறது? கப்பல் ஆபீஸில் இருக்கிறாயே."

சீடனுக்கு இது அன்றாடச் சோறு. "அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் ஏறக்குறைய 18.5 மீட்டர் வரை துல்லியம். ஜிபிஎஸ் அவ்வளவுக்குச் சொல்லும். நம்பலாம்."

"அந்த 1.7?"

"அதுவும் அளந்ததுதானே?"

"எதிலிருந்து அளந்தது?"

எல்லைக் கோட்டிலிருந்து என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். குரு விளக்கினார். ஷாத் அல் அரபு ஆற்றுக்கு 1975 அல்ஜியர்ஸ் உடன்பாடு எல்லை வகுத்திருக்கிறது. ஆறு கடலில் கலந்த பிறகு, கடலுக்குள் அந்தக் கோடு எப்படிப் போகும் என்று ஈரானும் ஈராக்கும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. லண்டன் காட்டிய படத்திலோ கோடு நட்டநடுவே அழுத்தமாக ஓடியது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சின் கடல்சார் பிரிவுக்கு முன்பு தலைவராக இருந்த கிரேக் மரே அந்த வாரமே இதைச் சொன்னார்: அந்த எல்லை எவரும் ஒப்புக்கொண்ட எல்லை அல்ல. அவர் பேச்சை அப்போது கேட்டவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரலில், தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் பெற்ற ஆவணங்களை வைத்து லண்டன் டைம்ஸ் எழுதியது: கோட்டை வரைந்தது அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை, ஈரானிடம் அதைச் சொல்லவும் இல்லை.

"அப்படியானால் பிரிட்டன் பொய் சொன்னது."

"அவசரப்படாதே. படகு எங்கே நின்றது என்பது காட்சி. கருவியைப் பார்த்துச் சொல்லலாம். கடல் யாருடையது என்பது இரண்டு பேர் உட்கார்ந்து பேசி முடிக்கவேண்டிய சங்கதி. அதைக் கருவி காட்டாது. லண்டன் இரண்டையும் ஒரே படத்தில் ஒரே மையில் எழுதியது. முதல் எண்ணில் அது நேர்மையாக இருந்திருக்கலாம், இரண்டாவது எண்ணில் இல்லை. எதிராளியையும் பார்க்கவேண்டும். ஈரான் முதலில் கொடுத்த இடக்குறி ஈராக் பக்கம் விழுந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் ஏறக்குறைய ஒரு கடல் மைல் தள்ளி வேறொரு குறியைக் கொடுத்தார்கள். எதிரியின் வாயிலிருந்தே வந்த சாட்சி, பார்த்தாயா?"

சீடன் சிரித்தான். "ஐயா, ஈரான் முதலில் இப்படிச் சொன்னது என்று ஊருக்குச் சொன்னது யார்?"

"லண்டன்."

"அப்போது அது எதிரியின் வாய் இல்லையே! எதிரி இப்படிச் சொன்னான் என்று இவன் சொன்னது."

குரு தலையை ஆட்டினார். சரிதான், அதன் எடையைக் குறைத்துக்கொள் என்றார். இந்த மாதிரித் தோற்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு குறளுக்கு வந்தார். ஐம்பத்தொன்பதாம் அதிகாரம், ஒற்றாடல். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொருவனை விட்டுச் சரிபார் என்கிறார் வள்ளுவர். அதோடு விடவில்லை, ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளவேண்டும் என்கிறார், அப்படிப்பட்ட மூவர் சொல் ஒத்துப்போனால்தான் தேறு என்கிறார். அமைச்சர், தளபதி, அமைச்சின் பேச்சாளர் என்று மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அது மூன்று சாட்சி ஆகாது. ஒரே அறையில் எழுதிய தாளை மூன்று பேர் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். நம் தொலைக்காட்சி விவாதங்களில் பாதி இந்தக் கணக்கில் கழிந்துவிடும்.

"பிடிபட்டவர்கள் சொன்னது? அந்த 15 பேரில் சிலர் தொலைக்காட்சியில் வந்து, எல்லை தாண்டினோம் என்று ஒப்புக்கொண்டார்களே. ஒரு பெண் எழுதிய கடிதங்களைக்கூட ஈரான் வெளியிட்டது."

"சிறையில் இருப்பவன் சொல்லுக்கு எடையே போடாதே, அந்தப் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி. ஏப்ரல் 5ஆம் தேதி வீடு திரும்பினார்கள். மறுநாளே பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, மிரட்டலுக்குப் பணிந்தோம் என்றார்கள். நம்பத் தோன்றுகிறது, எனக்கும்தான். ஆனால் அப்போதும் அவர்கள் உடம்பில் சீருடை இருந்தது. தங்கள் கதையைப் பத்திரிகைகளுக்கு விற்க அமைச்சு அனுமதி கொடுத்து, நாடே முகம் சுளித்ததும் சில நாளில் அதை நிறுத்தியது வேறு. பிடித்தவன் அவர்களைப் படம் காட்டினான், மீட்டவனும் காட்டினான்."

இவ்வளவு சுற்றிய பிறகுதான் தஞ்சோங் பெராக்கிட். சிங்கப்பூருக்குக் கிழக்கே அந்தப் பகுதியில் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே ஒப்புக்கொண்ட கடல் எல்லை இல்லை. மலேசியா தன் உரிமையை 1979இல் தானே வெளியிட்ட வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியது. அண்டை நாடுகள் அதை ஏற்கவில்லை. பக்கத்தில் பத்து பூத்தே பாறை. 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்கும், அருகிலிருந்த மிடல் ராக்ஸை மலேசியாவுக்கும் கொடுத்தது. அதன் பிறகும் சுற்றிலும் உள்ள கடலைப் பிரிக்கும் வேலை அப்படியே கிடந்தது. அங்கே வலை போட்டவனுக்குத் தன் கீழே ஓடுவது யார் தண்ணீர் என்று எப்படித் தெரியும்?

"அப்போது, எங்கள் கடல் என்று நம்மவர்கள் சொன்னது?"

"எங்கள் கோரிக்கைக்கு உட்பட்ட கடல் என்று சொல்லியிருந்தால் முழு நேர்மை. அந்த ஒரு சொல்லை இரண்டு தலைநகரமும் விழுங்கிவிட்டன. விழுங்கியதன் விலை அந்த மாதமே தெரிந்தது. ஜக்கார்த்தாவில் நம் தூதரகத்தின் மீது மலத்தை எறிந்தார்கள். தங்கள் மண்ணைத் திருடிவிட்டார்கள் என்று நம்பியவன் எறியாமல் என்ன செய்வான்? செப்டம்பர் 6ஆம் தேதி இரண்டு வெளியுறவு அமைச்சர்களும் கோத்தா கினபாலுவில் உட்கார்ந்து பேசவேண்டியதாயிற்று. 2012 ஜனவரியில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். எல்லை முடிவாகாத கடலில் அடுத்த நாட்டு மீனவனைக் கண்டால் பிடிக்காமல் திருப்பி அனுப்பு என்பதுதான் அதன் சாரம். வாயால் ஒப்புக்கொள்ளாததைக் கையெழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அரசாங்கத்தின் அறிக்கையை விட அது அடுத்து என்ன செய்கிறது என்பதைப் படி."

வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒருவர், தமிழ்நாட்டில் உறவுக்காரர்கள் உள்ளவர், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள கச்சத்தீவை இழுத்தார். அங்கே கோடு இருக்கிறது. 1974, 1976 என்று இரண்டு ஒப்பந்தங்கள் போட்ட கோடு. அங்கேயும் அரசு ஒன்றையே பேசவில்லை என்று குரு சொன்னார். 2015இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு இந்திய வெளியுறவு அமைச்சு தந்த பதில்: அந்தப் பகுதி அதுவரை எல்லை வகுக்கப்படாததால், இந்தியாவுக்குச் சொந்தமான நிலம் எதையும் பெறவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு அதே ஆட்சியின் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும், காங்கிரஸ் தீவைத் தூக்கிக் கொடுத்துவிட்டது என்றார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. தேர்தல் மேடையில் சொன்னதைவிட, யாரோ ஒரு குடிமகனுக்குத் தபாலில் போன பதிலையே தாம் நம்புவதாகக் குரு சொன்னார். அந்தப் பதிலால் யாருக்கும் ஓட்டு விழாது.

"இந்தியாவைத் திட்டுகிறீர்கள், ஐயா."

"திட்டவில்லை. அதே இந்தியாவில் தூத்துக்குடி வழக்கைப் பார். 2013 அக்டோபர் 12, சீமேன் கார்டு ஓஹையோ. கடற்கொள்ளையருக்கு எதிராகக் காவல் போகும் தனியார் கப்பல். மாலுமிகள் 10, ஆயுதக் காவலர்கள் 25. பிரிட்டிஷ்காரர், எஸ்தோனியர், உக்ரைனியர், இந்தியர். ஆயுதங்களோடு எங்கள் கடலுக்குள் வந்தார்கள் என்று அரசு சொன்னது. 2016 ஜனவரியில் கீழ்க்கோர்ட் ஐந்தாண்டு தண்டனை கொடுத்தது. 2017 நவம்பர் 27 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 35 பேரையும் விடுதலை செய்தது. நான்கு வருடம் போனது கொடுமைதான். ஆனால் அரசின் சொல்லை அரசின் இன்னொரு கை தள்ளிவிட முடிந்தது. 2007இல் தெஹ்ரானில் எந்த நீதிபதியாவது காவல்படையின் வரைபடத்தைத் தள்ளியிருக்க முடியுமா?"

சீடன் அதை ஏற்றுக்கொண்டான். ஆனால் அவன் மனத்தில் வேறொரு கணக்கு இருந்தது. மாலுமிகள் இல்லை, கடல் இல்லை, ஆனால் நம் ஆட்கள். 2017 பிப்ரவரி 13இல் கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில் வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டார். மார்ச் 7ஆம் தேதி வட கொரியா தன் நாட்டிலிருந்த மலேசியர்கள் வெளியேறத் தடை போட்டது. கடைசியில் ஒன்பது பேர் சிக்கியிருந்தார்கள். மார்ச் 30 அன்று பிரதமர் நஜிப் அவர்கள் வருகிறார்கள் என்று அறிவித்தார். அதே சமயம் உடல் வட கொரியாவுக்குப் போனது. போலீஸ் தேடிக்கொண்டிருந்த மூன்று வட கொரியர்களும் போனார்கள். உடலைத் திருப்பி அனுப்பும்படி குடும்பத்திடமிருந்து கடிதம் வந்தது என்று பிரதமரின் அறிக்கை சொன்னது.

"எந்தக் குடும்பம்?" என்றார் குரு. "அவருடைய மனைவி மக்கள் மக்காவ் நகரில் இருந்தவர்கள். உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்த பிள்ளையா பியோங்யாங்குக்கு அனுப்பச் சொன்னான்?"

"கடிதமோ கத்தரிக்காயோ, ஒன்பது பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். என் அக்கா அங்கே மாட்டியிருந்தால் அந்தக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்திருப்பேன்."

"நானும் கூட நின்று பிழை திருத்திக் கொடுத்திருப்பேன். பேச்சு நடக்கும்போது அரசாங்கம் வாயை மூடிக்கொள்ளட்டும், சாக்கும் சொல்லட்டும். நான் கேட்பது அவர்கள் வந்து இறங்கிய பிறகு. பிரிட்டனில் ஒரே வருடத்தில் கோப்பு வெளியே வந்தது. அமைச்சு விரும்பி வரவில்லை; கேட்டால் கொடுத்தாகவேண்டும் என்று சட்டம் இருந்தது. நமக்கு?"

கூட்டரசு அளவில் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறது என்றான் சீடன். சிலாங்கூரில் 2011இல் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேற்றியது, பினாங்கிலும் உண்டு. வெளியுறவு மாநிலத்தின் கையில் இல்லை.

"அப்போது கிள்ளானில் இருக்கும் உனக்கு என்ன கேட்கலாம்?"

"எங்கள் தாமானில் வடிகாலுக்கு யாருக்குக் குத்தகை கொடுத்தார்கள் என்று கேட்கலாம், ஐயா. பாரம் நிரப்பி, கட்டணம் கட்டி."

"கேட்டாயா?"

"போன வருடம் கேட்டேன். பதில் வந்தது. குத்தகைக்காரர் பெயர், தொகை, தேதி எல்லாம் இருந்தது. வடிகால் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது."