வன்தொண்டரும் விழித்திரை மருத்துவரும்

ஜான் டெய்லரின் வண்டி முழுக்கக் கண்களாக வரைந்திருக்குமாம். 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்க் கண் அறுவை செய்தவர். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் கண் மருத்துவர் என்ற பட்டமும் அவருக்கு உண்டு. 1750-ல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக்கின் கண்ணில் இரண்டு முறை கத்தி வைத்தார். பாக் பார்வையை இழந்து அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு இசைமேதையான ஹாண்டலும் இதே டெய்லரிடம் போனார். அவருக்கும் பார்வை திரும்பவில்லை.

ஒரு சுரம் பிசகினால் கண்டுபிடிக்கும் காதுகள் அவர்களுடையவை. ஆனால் கத்தி பிடிக்கும் கையை எந்தக் காதால் எடைபோடுவது?

பிளேட்டோவின் 'கார்மிடீஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் முட்டி நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அசல் வைத்தியரையும் போலியையும் பிரித்தறிய மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவம் தெரிந்தவருக்கு இந்தக் கவலையே இல்லை, தெரியாதவருக்கோ வழியில்லை.

விழித்திரை விலகல் இந்தப் புதிருக்குக் கெடுவும் வைக்கிறது. கண்ணுக்குள் மின்னல் வெட்டும், பூச்சி பறக்கும், பிறகு ஓரத்திலிருந்து திரை இறங்கும். விழித்திரையின் மையப் பகுதி விலகுவதற்கு முன் அறுவை செய்தால் கிடைக்கும் பார்வை வேறு, விலகிய பின் கிடைப்பது வேறு. கண்புரைக்கு ஆற அமர யோசிக்கலாம், இதற்கு முடியாது.

நாலு பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால் போதுமா? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் என்ற மருத்துவர், விழித்திரையில் விழும் கிழிசலே அது விலகுவதற்குக் காரணம், அதைத் தேடி அடைக்க வேண்டும் என்றார். கிழிசல் வெறும் பின்விளைவு என்று நினைத்தவர்கள் ஏராளம். 1929 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில்தான் உலகம் அவர் பக்கம் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பான்மைக் கருத்தின்படி நடந்த நோயாளி, நியாயமாகத்தான் நடந்திருப்பார், கண்ணையும் இழந்திருப்பார்.

ஆக, புகழும் கைவிடும், ஊர் வாக்கும் கைவிடும். மிஞ்சுவது நம்பிக்கை. நம் ஊரில் அதற்கு ஒரு தயார் வடிவம் இருக்கிறது: "நீங்கதான் டாக்டர் எங்களுக்குச் சாமி" என்று கைகூப்பிவிட்டு வாய் மூடிக்கொள்வது. இதைப் பக்தி என்று சொன்னால் சைவ நாயன்மார் சுந்தரர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லை தாண்டியதும் அவருக்கு இரு கண்ணும் போயின என்கிறது பெரியபுராணம். ("சாமி கண்ணைக் குத்தும்" என்று குழந்தைகளை மிரட்டுவோமே, அதேதான்.) திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். வழியெல்லாம் அவர் இறைவனோடு வாதாடிக்கொண்டே போனார், தோழனிடம் சண்டை பிடிப்பதுபோல. வன்தொண்டர் என்று பெயர் வாங்கியவர் அல்லவா! கேள்வி கேட்டதால் அவருடைய நம்பிக்கை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. சாமியிடமே செல்லுபடியான உரிமை மருத்துவரிடம் ஏன் செல்லாது?

சென்னையில் 1978-ல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய எஸ்.எஸ். பத்ரிநாத்துக்குத் தூண்டுதல் காஞ்சி மடத்திலிருந்து வந்தது. விழித்திரைப் பயிற்சியோ பாஸ்டனில், சார்லஸ் ஷெப்பன்ஸிடம். தூண்டுதல் எங்கிருந்து வந்திருந்தாலும், பயிற்சி பற்றிக் கேட்பது அதற்கு அவமதிப்பு ஆகாது.

கேட்கத் தக்கவை எளியவை. விழித்திரை அறுவைக்கென்று தனிப் பயிற்சி பெற்றவரா? மாதத்துக்கு எத்தனை விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும் அறுவை) செய்கிறார்? ஊசி, லேசர், கத்தி மூன்றில் எனக்கு எது, ஏன்? முதல் முறை ஒட்டாவிட்டால் அடுத்து என்ன? கிழிசல் எங்கே என்று படம் போட்டுக் காட்ட முடியுமா? மருத்துவம் படிக்காதவரால் பதிலின் நுட்பத்தை அளக்க முடியாது. ஆனால் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மருத்துவர் அதைச் சொல்கிறாரா என்பது யாருக்கும் கேட்கும். சாக்ரடீஸின் பூட்டு முழுதாகத் திறப்பதில்லை; கொஞ்சம் நெகிழ்கிறது.

அறுவைக்குப் பின்னும் பேச்சு முடிவதில்லை. கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தால் பல நோயாளிகள் நாள்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டும். குமிழி மேலே மிதந்து பின்பக்கத் திரையை அழுத்திப் பிடிக்கவே அந்தச் சாஷ்டாங்கம். அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. மேலே போனால் வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறிவிடும். வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கோன் எண்ணெய் வைத்திருந்தால், பெரும்பாலும் அதை எடுக்க இன்னொரு அறுவை உண்டு. அது எப்போது என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.