இளைஞர் கையில் வண்டி

மோட்டார் வண்டி செலுத்துதற்கு ஓர் இளைஞன் பக்குவமடைந்துவிட்டான் என்பதை நிச்சயிப்பவர் யார்? இலங்கையிலே கார் செலுத்துஞ் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயது நிரம்பவேண்டுமென்பது சட்டம். எல்லார்க்கும் பொதுவாகிய சட்டம் ஓர் எண்ணையே விதித்தல் கூடும். பிள்ளையை அறிந்த பெற்றோரும், அவனை நாடோறுங் காணும் ஆசிரியரும் அவ்வெண்ணோடு அமைதல் போதுமோ?

கைப்பயிற்சி விரைவில் வந்துவிடும். 16 வயதினன் தந்தையினுந் திறமையாக வண்டியைத் திருப்பக் காண்கின்றோம். திறமை வேறு, அடக்கம் வேறு. தோழர் பின்னிருந்து வேகத்தைத் தூண்டும்போது மறுக்க வல்லனோ என்பதே யாம் கேட்பது. நியூசீலந்து தேசத்தார் இதனை நன்குணர்ந்து, 1987 இல் மூன்று படிகளாக அனுமதி வழங்கும் முறையை வகுத்தனர். அங்கே இரண்டாம் படியில் நிற்பவன், தக்க மேற்பார்வையாளர் உடனில்லாதவழி, இரவு 10 மணிமுதற் காலை 5 மணிவரை வண்டி செலுத்தலாகாது, தோழரை ஏற்றலுமாகாது. இருளும் நண்பர் கூட்டமும் இளஞ்சாரதிக்குப் பெருங்கேடு என்பது கண்டு செய்த ஏற்பாடு இது.

நம்மவருட் பலரோ, மறுத்தாற் பிள்ளையின் மனம் நோகுமென்று திறப்பைக் கொடுத்துவிடுகின்றனர். இதனை அன்பென்றுங் கொள்கின்றனர். அபாயம் பிள்ளைக்கு மாத்திரமோ? ஒழுங்கையினின்று துவிச்சக்கரவண்டியில் வெளிப்படுஞ் சிறுமி அதற்குச் சம்மதித்தவளல்லள்.

ஆதலின், இரவில் விளக்கின்றித் துவிச்சக்கரவண்டி ஓட்டுபவனா, பிழை செய்தவிடத்து மறையாது சொல்பவனா என்பவற்றை ஆசிரியர் பெற்றோருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். கேளாதவழிச் சொல்லுதல் முறையன்றென ஒதுங்குவாருமுளர். எமக்கு அஃது உடன்பாடன்று. பெற்றோர் காணாவிடத்து அவன் எவ்வாறு நடக்கின்றான் என்பதை அறிபவர் ஆசிரியரே.