ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும்

ஆலவாய்ப் பெருமான் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் மதுரை மாநகரில் ஆண்டுதோறும் ஆவணி மூலப் பெருவிழாவிற் கொண்டாடப்படுதல் யாவரும் அறிந்ததே. திருவாதவூரடிகள் பொருட்டுப் பரிகளாய் வந்த நரிகள், பாண்டியன் முன்னர்ப் பரிநடை பயின்று, இரவு வந்தவாறே பண்டை வடிவெய்திப் பந்தியிலிருந்த பழம்பரிகளைக் கடித்துக் குதறி ஓடின. இதனை ஒருகால் நாம் விரித்துரைத்தபோது, மாணாக்கர் சிலர், "பிறன் ஆணையால் இயல்பு மாற்றப்பட்ட உயிர் செய்யுஞ் செயல், அவ்வுயிரினது செயலாமோ?" என வினவினர். அவ்வினா புராணத்தினின்று எழுந்ததன்று, மேனாட்டுக் கற்பனைக் கதையொன்றினின்று எழுந்ததென்பது பின்னர் விளங்கிற்று. எங்கிருந்து எழுப்பினும் வினா நல்வினாவே; ஆகலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

'ஸ்டார் வார்ஸ்' எனப்படும் அக்கதை 1977ஆம் ஆண்டிற் படமாக வெளிவரத் தொடங்கியது. 2002இல் வந்த படத்தில், ஒரே மனிதனது உடற்கூற்றினின்று படியெடுத்து வளர்க்கப்பட்ட பெரும்படை தோன்றுகின்றது. அப்படையினரைக் 'குளோன்' வீரர் என்பர். 2005இல் வந்த படத்தில், ஆட்சித்தலைவன் 'அறுபத்தாறாம் ஆணை'யை விடுத்த அளவிலே, அவ்வீரர் தம்மோடு தோள்சேர்ந்து பொருத 'ஜெடாய்' தலைவர்களைச் சுட்டு வீழ்த்துகின்றனர். 2014இல் வந்த தொடரிலோ, அவர்தம் மூளையிற் சில்லொன்று முன்னரே பதிக்கப்பட்டிருந்ததென்றும், அதுவே அவரை அக்கொடுஞ்செயலிற் செலுத்திற்றென்றும் கதை விரிக்கப்பட்டது. இதுபற்றி அக்கதையில் ஈடுபட்டோர் இருதிறத்தராய் வழக்கிடுகின்றனர். சில்லு செலுத்தினமையின் வீரர் குற்றமிலர் என்பர் ஒருசாரார். ஆணைக்குப் பணிந்தே பழகியோர், பணியத்தகாத ஆணைக்கும் பணிந்துவிடுவர் என்னும் பெரும்படிப்பினையைச் சில்லு அழித்துவிட்டது என்பர் மற்றொரு சாரார்.

நம் தமிழ்நாட்டிலும் இதனையொத்த கதையுண்டு. 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில், படைக்கு அளிக்கும் பொருட்டு இயற்றப்பட்ட இயந்திர மனிதனுள் மற்றொருவன் சிவப்புச் சில்லைச் செருக, அது கொலைத்தொழிலிற் புகுகின்றது. ஆண்டுச் சித்தாந்திக்கு ஐயமில்லை. என்னை? இயந்திரத்திற்கு உணர்ச்சி ஊட்டப்பட்டதெனக் கதை கூறினும், மாயாகாரியமாகிய சடம் சடமேயாம். வாள் வெட்டியவழிப் பழி வாளுக்கின்று, ஏந்தினான்மேற்று. குளோன் வீரர் அன்னரல்லர். உடலாற் சிறிதும் வேறுபாடில்லாத அவர், கதையினுள்ளே தமக்கெனப் பெயர் சூடி, தம்முள் நட்புப் பூண்டு, இறந்தார்க்கு இரங்குகின்றனர். உடல் ஒன்றுபோலிருந்தும் உணர்வு வேறாதலின், உடலின் வேறாய் உயிருண்டென்றும், அவ்வுயிர் பலவென்றும் நம்மாசிரியர் நிறுவிய உண்மைக்கு இக்கற்பனையும் ஓர் எடுத்துக்காட்டாய் நிற்றல் காண்க.

உயிருண்டேல் இச்சை, ஞானம், கிரியை மூன்றும் உளவாம். அவை ஆணவத்தான் மறைக்கப்படுமேயன்றி அழிக்கப்படா. சில்லின் தொழிலோ உயிரைச் செயலிற் பொருந்தவொட்டாது அதன் உடலை மட்டும் ஆட்டுதல். பேய் பிடித்தான் ஒருவன் பிறனை அடித்தவழி ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும் பேயேயாதல்போல, சில்லின் வயப்பட்ட கணத்து நிகழ்ந்த கொலை, சில்லை இட்டானையே சாரும். இம்மட்டில் முதற்சாரார் கூற்று ஏற்புடைத்தே.

அற்றேல், சில்லு நீங்கியவுடன் வீரன் செவ்வியனாவனோ எனின், ஆகான். 2021இல் வந்த தொடரில் 'கிராஸ்ஹேர்' என்னும் வீரன், தன் சில்லு நீக்கப்பட்டதென்று தானே கூறியும், கொடிய பேரரசின் பக்கலையே விரும்பி நிற்கின்றான். ஈண்டு அவனை ஆட்டியது யாது? சார்ந்ததன் வண்ணமாந் தன்மையே. உயிர் எதனைச் சார்கின்றதோ அதுவாய் நிற்கும். நெடுங்காலஞ் சார்ந்ததனை விடமாட்டாது. பின்னர், 2023இல் வந்த பகுதியில், உடன்வந்த வீரன் ஒருவனைச் சாகவிட்டு அதனைப் பொருட்படுத்தாத மேலதிகாரியைக் கண்டு, அவ்வீரன் உளந்திரும்பினான். ஆயினும் அவ்வதிகாரியைச் சுட்டுக் கொன்றே திரும்பினான். பற்று நெகிழ்தல் வேறு, பரிபாகம் முற்றுதல் வேறென்பதற்கு இதுவே சான்று. புறத்தளையைக் கருவியாற் களையலாம். அகத்தளையைக் களைதற்கு அறிவு வேண்டும், அருளும் வேண்டும்.

அற்றேல் ஆணைக்கு அடங்குதல் யாண்டும் இழுக்கோ எனின், அன்று. மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் வாயில்காவலனாகிய தத்தனை நினைமின். தவவேடம் பூண்டு புக்க முத்தநாதன் அரசரைக் குத்தியபோது, தத்தன் வாளோங்கினான். வீழ்கின்ற அரசரோ தடுத்து, அவனை இடையூறின்றி ஊர்கடத்திவிடுக எனப் பணித்தார். தத்தன் கையிலும் வாளுண்டு, நெஞ்சிலும் சினமுண்டு, சூழ்ந்த மக்களும் அவன் பக்கம். ஆயினும் தன்னிச்சையைத் தானே அடக்கிப் பகைவனைக் காத்துச்சென்று விடுத்து மீண்டான். அவனை ஆட்டிய சில்லொன்றுமில்லை. வேடத்தை வழிபடுந் தலைவனது அறிவிலே தன்னறிவைக் கலப்பித்தான். ஆகலின் அப்பணிவு அடிமைத்தனமாகாது அடிமைத்திறமாயிற்று.

உலகநீதியும் இதனையே தழுவிற்று. நியூரம்பெர்க் நகரில் கூடிய பன்னாட்டு நீதிமன்றம், 1946ஆம் ஆண்டில், மேலோர் ஆணையென்னும் ஒன்றே குற்றத்தினின்று விடுவியாதென்றும், அறநெறியைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்மையில் இருந்ததா என்பதே நோக்கத்தக்கதென்றும் தீர்ப்பளித்தது. உயிர் உண்டேல் அவ்வாய்ப்பு முற்றும் ஒழிதல் அரிதென்பது நமது துணிபு.

இனி, இவ்வாராய்ச்சி நம்மைத் தொடுமிடத்தைக் கூறுதும். 'எல்லாம் அவன் செயல்' என்பது நம் நாவிற் பயின்ற சொல். கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கின்றது, மற்றொன்று உலர்கின்றது. அவனின்றி இரண்டுமில்லை, ஆயினும் வேறுபாடு அவனதன்று. இறைவன் உயிர்க்குயிராய் நின்று செலுத்துதலும் அத்தகைத்து. உயிரின் இச்சையை எழுப்பி நடத்துவதேயன்றி, சில்லுப்போல அதனை விலக்கி ஆட்டுவதன்று. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் அறிவுறுத்தும் இறைபணி நிற்றல், 'யான்' 'எனது' என்னுஞ் செருக்கு அறக்கழன்றார்க்கே உரியது. அவர்க்குப் பயனும் தமதன்று, பழியும் தமதன்று. நாமோ நற்பயன் வந்துழி 'யான் செய்தேன்' என்று முன்னிற்கின்றோம். தீங்கு நேர்ந்துழி 'அவன் செயல்' என்றோ, 'மேலோர் பணித்தனர்' என்றோ பின்வாங்குகின்றோம். பயனைத் தனதெனக் கொண்டு பழியை இறைவன்மேல் ஏற்றுதல் சிவநிந்தையினும் கொடிதன்றோ?

மடத்திலும் மனையிலும் நாம் பிறர் ஏவலாற் செய்வன பல. அவற்றுள் ஒருவர் கண்ணீருக்கு ஏதுவாவதொன்று வந்துழி, அன்பர்களே, ஒரு கணம் நின்று, 'என் தலையிற் சில்லுண்டோ?' என்று நம்மை நாமே வினவுவோமாக. இல்லையாயின், அச்செயல் நம்முடையதே. அதனை நம்முடையதென்று ஒப்புக்கோடலே, அதனினின்று விடுபடுதற்கு முதற்படியாம்.

சிவம்.